குவில்டிங் வகுப்பு: சேர்பவர்களும் நடத்துபவர்களும் முதலில் பார்க்க வேண்டியவை

பிளவுஸ் தையலுக்கும் ஆரி வேலைக்கும் தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. குவில்டிங்குக்கு, அதாவது துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் வேலைக்கு, அப்படியில்லை. சென்னையிலேயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் ஒன்று கண்ணில் பட்டதும் எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மாணவியாகச் சில வகுப்புகளில் அல்லாடி, அப்புறம் வீட்டு ஹாலிலேயே சிறிய வகுப்புகள் நடத்த ஆரம்பித்த பிறகு எனக்குத் தெளிவான விஷயங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் ஏழு படிகள் கற்க வருபவர்களுக்கு, மற்றவை சொல்லித்தர நினைப்பவர்களுக்கு. இரண்டு தரப்பும் இரண்டையும் படித்துவிட்டால் இன்னும் நல்லது.

நல்ல வகுப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு வந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல், சொந்த மெஷினில் அதே பிளாக்கை (துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு சதுரத்தை) உங்களால் மறுபடி தைக்க முடிய வேண்டும். வகுப்பில் அழகான ஒன்றை முடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டில் கை ஓடாமல் நின்றால் கட்டிய பணம் துணிக்குத்தான் போயிற்று.

1. என்ன வகுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குவில்டிங் வகுப்பு என்ற பெயரில் மூன்று வேறு வேலைகள் சொல்லித்தரப்படுகின்றன. துண்டுகளை வெட்டி இணைத்து மேல் துணி தயாரிப்பது ஒன்று. மேல் துணி, நடுவில் பஞ்சுப் படுகையான பேட்டிங், அடித்துணி மூன்றையும் அடுக்கி, ஊடே தையல் ஓட்டிப் பிணைப்பது இன்னொன்று. சுற்றிலும் பட்டி கட்டி முடிப்பது, அதாவது பைண்டிங், மூன்றாவது. நிறைய வகுப்புகள் முதல் வேலையோடு முடிந்துவிடும். அதில் தவறில்லை, ஆனால் அதைச் சேரும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கையால் தைப்பதா மெஷினிலா என்பதையும் கேளுங்கள். கைத்தையலில் ஒரு மெத்தை விரிப்பு முடிக்க மாதக்கணக்காகும், ஒரு வார இறுதியில் அதைச் சொல்லித்தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்.

முதல் வகுப்புக்கு டேபிள் ரன்னர் (மேசை நடுவில் நீளமாக விரிப்பது), குஷன் உறை மாதிரிச் சின்னப் பொருள் போதும். பெட்ஷீட் அளவு வேண்டாம். சின்னப் பொருளில்தான் மூன்று வேலையும் ஒரே வகுப்பில் கைக்கு வரும்.

2. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இதை வாட்ஸப்பில் எழுத்தாகவே கேளுங்கள், பதிலும் எழுத்தாக இருக்கட்டும்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? புதியவர்கள் என்றால் ஆறு பேர், கூட உதவியாளர் இருந்தால் எட்டு. அதற்கு மேல் போனால், ஒருவருடைய மெஷினில் நூல் சிக்கியதும் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கட்டணத்தில் துணி, பேட்டிங், நூல் அடங்குமா? மெஷின் அங்கே இருக்கிறதா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? துணி வெட்டும் கட்டர், வெட்டும்போது அடியில் விரிக்கும் மேட், ரூலர் ஆளுக்கு ஒன்றா, பகிர்ந்துகொள்வதா? வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, அடுத்த வகுப்புக்கு மாற்றித் தருவார்களா? ரசீது உண்டா?

இன்னொன்று, முன்பு அங்கே படித்தவர்கள் தைத்ததைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் தைத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆசிரியருடைய கை. மாணவர் தைத்ததில் நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலையைப் பாருங்கள், அந்த மூலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அங்கே அளவு சொல்லித்தருகிறார்கள்.

3. பொருள் பட்டியல்: எதை வாங்கலாம், எதற்குப் பொறுக்கலாம்

செலவு எகிறுவது இங்கேதான். பட்டியல் நீளமாக வந்தால் மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: வகுப்புக்குக் கட்டாயம் வேண்டியவை, அங்கேயே தருபவை, பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்பவை.

கருவிகளில் அடிப்படை மூன்று. 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருண்டு வெட்டுவது), 18க்கு 24 இஞ்ச் மேட் (ஏ2 அளவு மேட் கிட்டத்தட்ட இதுதான்), 6க்கு 24 இஞ்ச் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ரூலர். மூன்றும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். ஒன்றில்தான் தரம் பார்க்க முடியும் என்றால் ரூலரில் பாருங்கள். மலிவான ரூலரில் கோடுகள் தடிமனாக இருக்கும், அந்தக் கோட்டின் உள்பக்கம் வெட்டுவதா வெளிப்பக்கம் வெட்டுவதா என்ற குழப்பத்திலேயே அளவு போய்விடும். சென்டிமீட்டர் ரூலர் வாங்காதீர்கள். குவில்டிங் பேட்டர்ன்கள் பெரும்பாலும் இஞ்ச்சில்தான் வருகின்றன, பாதியில் மாற்றிக் கணக்குப் போடுவது தலைவலி.

துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும். பாப்ளின், கேம்ப்ரிக் நன்றாக வரும். ரேயான், சாட்டின், நீளும் துணி எதுவும் முதல் வகுப்புக்கு வேண்டாம். பழைய புடவைத் துண்டு ஆசையாக இருக்கும், ஆனால் நைந்த துணி ஊசிக்கே கிழியும். பாரிமுனை பக்கம் கோடவுன் தெருவில் மொத்த விலைக் கடைகள் இருக்கின்றன, சில்லறையாகத் தருவார்களா என்று வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அளவுக்கு ஒரு உதாரணம் தருகிறேன். ஒன்பது கட்ட பிளாக் நான்கு வைத்து ஒரு டேபிள் ரன்னர். ஒவ்வொரு சதுரமும் மூன்றரை இஞ்ச்சாக வெட்டினால், தைத்த பிறகு மூன்று இஞ்ச்சாகும், பிளாக் ஒன்பது இஞ்ச். நான்கு பிளாக்குக்கு 36 சதுரம். 44 இஞ்ச் அகலத் துணியில் கரை போக ஒரு பட்டியில் 12 சதுரம் வரும், அதனால் இரண்டு நிறத்தில் ஒவ்வொன்றும் கால் மீட்டர் போதும். கழுவியதும் சுருங்கும், வெட்டும்போது கோணலாகும், சில கடைகளில் அரை மீட்டருக்குக் கீழே கிழித்தும் தரமாட்டார்கள், ஆகவே அரை மீட்டராகவே வாங்குங்கள். பார்டருக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்து அரை மீட்டர். அடித்துணி ஒன்றேகால் மீட்டர், பேட்டிங்கும் அதே நீளம். துணி 36 இஞ்ச் அகலம்தான் என்றால் ஒரு பட்டியில் பத்து சதுரத்துக்கு மேல் வராது, கடையிலேயே அகலத்தைக் கேட்டுவிடுங்கள்.

பேட்டிங்கில் ஒரு பொறி உண்டு. இங்கே எளிதில் கிடைப்பது பாலியஸ்டர். அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் உருகிப் பிடித்துக்கொள்ளும். தடிமனானதை வாங்கினால் புதியவர்களின் மெஷினுக்கு அடியில் நுழையவே நுழையாது. மெல்லியதாகக் கேளுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கும் அதுதான் சரி.

துணியை வகுப்புக்கு முன்பே கழுவிக் காயவைத்துத் தேய்த்து எடுத்துப் போங்கள். கலம்காரி, பிளாக் பிரிண்ட், அடர் சிவப்பு, நீலம் என்றால் இது கட்டாயம். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சாயம் வெள்ளையில் ஏறினால் மறுபடி கழுவுங்கள், அப்பவும் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

4. மெஷினைத் தயார் செய்யுங்கள்

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே சுத்தம் செய்து, எண்ணெய் விட வேண்டிய மாடலாக இருந்தால் விட்டு, ஒரு பழைய துணியில் தைத்துப் பாருங்கள். புது ஊசி போடுங்கள், 80/12 போதும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 90/14. பாபின் கேஸ், கால் பெடல், மெஷினோடு வந்த கையேடு, இரண்டு மூன்று காலி பாபின் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பெடலை வீட்டிலேயே வைத்துவிட்டு மெஷினை மட்டும் தூக்கி வந்தவர்களை ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன்.

பாட்டி காலத்துக் கறுப்பு மெஷின்தான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். நேர்த்தையலில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, துண்டு இணைக்க நேர்த்தையல் மட்டும் போதும். மூன்று அடுக்கைப் பிணைக்க வாக்கிங் ஃபுட் என்ற துணைப்பாகம் வேண்டியிருக்கும், அது உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று மெஷின் கடையில் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

5. கால் இஞ்ச் சோதனை: இதைத் தாண்டாமல் எதையும் வெட்டாதீர்கள்

மொத்தக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். பிளவுஸில் தையலுக்கு விட்ட துணி கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் அட்ஜஸ்ட் செய்துவிடலாம். குவில்டிங்கில் அது முடியாது. தையலுக்கு விடுவது கால் இஞ்ச். அதில் ஒரு நூலிழை கூடுதலாகப் பிடித்தாலும் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து குறையும். வெறும் 1/16 இஞ்ச் கூடப் பிடித்தால் ஒரு தையலுக்கு 1/8 இஞ்ச் போகும், எட்டுத் தையலில் முழுதாக ஒரு இஞ்ச் காணாமல் போய்விடும். அப்புறம் பக்கத்து வரிசையோடு எப்படிச் சேரும்?

சோதனை இதுதான். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டுங்கள், நீளம் ஐந்தாறு இஞ்ச் இருந்தால் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து, தையலை ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தி, ரூலரை வையுங்கள். மொத்த அகலம் மூன்றரை இஞ்ச் வர வேண்டும், நடுப்பட்டி சரியாக ஒரு இஞ்ச் தெரிய வேண்டும். நடுப்பட்டி ஒரு இஞ்ச்சுக்குக் குறைந்தால் நீங்கள் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை ஓட்டுங்கள். வராவிட்டால் டேப்பை ஒரு நூலிழை தள்ளி ஒட்டி மறுபடி தையுங்கள். துணியை மடித்த இடத்திலும் நூலின் தடிமனிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால், கால் இஞ்ச்சை விட ஒரு நூலிழை குறைவாகப் பிடித்தால்தான் பெரும்பாலும் சரியாக வரும்.

இந்தச் சோதனையை முதல் மணி நேரத்தில் எல்லோரிடமும் செய்ய வைக்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

6. வகுப்பில்

கட்டரை நின்றுகொண்டு பிடியுங்கள், உட்கார்ந்தபடி வெட்டாதீர்கள். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ரூலரைப் பிடிக்கும் விரல் எதுவும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடை மூடுங்கள், ஒரு நொடிதானே என்று திறந்தபடி மேசையில் வைக்கவே வைக்காதீர்கள். அந்த பிளேடு துணி எட்டு மடிப்பை ஒரே இழுப்பில் வெட்டும்.

இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துண்டு கோணலாக நீளும். தூக்கி வைத்து அழுத்தி, தூக்கி எடுங்கள். தையலை அடர் நிறத் துணியின் பக்கம் சாய்த்துவிடுங்கள், பக்கத்து வரிசையில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது அந்த இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி உட்கார்வது விரல் நுனியில் தெரியும். மூலை சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அங்கே ஒரு பின் குத்தித் தையுங்கள்.

முக்கோணம் வரும் டிசைனை முதல் நாளே கேட்டு அடம்பிடிக்காதீர்கள். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் கிராஸ் வெட்டு, அது இழுத்தால் நீளும். சதுரம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

7. வீட்டில் தொங்கலில் விடாதீர்கள்

மேல் துணி முடிந்து அலமாரிக்குள் போனது போனதுதான் என்று ஆகிவிடும். அடித்துணியைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே பேட்டிங், அதன் மேல் மேல் துணி. அடித்துணியும் பேட்டிங்கும் எல்லாப் பக்கமும் மேல் துணியை விடப் பெரிதாக இருக்க வேண்டும்: பெரிய விரிப்புக்கு நான்கு இஞ்ச், ரன்னருக்கு இரண்டு இஞ்ச் போதும். நடுவிலிருந்து ஆரம்பித்து, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்திக்கொண்டே வெளியே வாருங்கள். தையலும் நடுவிலிருந்து வெளியே. பைண்டிங்குக்கு இரண்டரை இஞ்ச் பட்டிகள், சுற்றளவோடு பத்துப் பன்னிரண்டு இஞ்ச் கூடுதலாக இணைத்து வையுங்கள். வகுப்பு முடிந்த அடுத்த வாரத்துக்குள் இதைச் செய்யுங்கள், கை மறக்க அதிக நாள் ஆகாது.

8. நடத்த நினைப்பவர்களுக்கு: இடமும் மின்சாரமும்

ஒரு மாணவருக்கு நான்கடி நீள மேசை. வெட்டுவதற்குத் தனி மேசை, அது இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், சாப்பாட்டு மேசை உயரத்தில் குனிந்து வெட்டினால் மதியத்துக்குள் முதுகு போய்விடும். மூன்று நான்கு பேருக்கு ஓர் இஸ்திரிப் பலகை.

மின்சாரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சின்ன பிளக் பாயிண்ட் ஐந்து அல்லது ஆறு ஆம்பியருக்கானது. இரண்டு பெட்டியை ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் ஒயர் சூடேறும். பெட்டிக்குத் தனி பாயிண்ட், மெஷின்களுக்குத் தனி எக்ஸ்டென்ஷன், ஏசி வேறு லைனில். ஒயர்களை நடக்கும் வழியில் விடாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். முதலுதவிப் பெட்டி கை எட்டும் இடத்தில்.

9. கட்டணமும் காகிதங்களும்

கட்டணத்தைப் பக்கத்து வகுப்பைப் பார்த்து வைக்காதீர்கள், உங்கள் செலவை எழுதி வையுங்கள். இரண்டு நாள் வகுப்பு, ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஹால் வாடகை நாளுக்கு 3,000, உதவியாளருக்கு மொத்தம் 1,600, டீ, மின்சாரம் இத்யாதி 1,000, ஆளுக்கு 600 ரூபாய்க்குத் துணி கிட். மொத்தச் செலவு 12,200. கட்டணம் 4,000 என்றால் வரவு 24,000, உங்களுக்கு 11,800. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் கடைசி நேரத்தில் வராமல் போனால் வரவு 16,000, செலவு 11,000, கையில் 5,000. இதில் வெட்டித் தயார் செய்த நாட்களுக்குக் கூலியே இல்லை. அதனால் குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் நடக்கும் என்று அறிவிப்பிலேயே போடுங்கள், பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள், எந்தத் தேதிக்குள் சொன்னால் திருப்பித் தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இதில் கூச்சப்பட்டால் வகுப்பு நிலைக்காது, நல்ல ஆசிரியர்கள் நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சின்ன அளவில் நடத்த பெரிய காகித வேலை இல்லை. ரசீதுப் புத்தகம், வரவு செலவு நோட்டு, தனி வங்கிக் கணக்கு மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) கட்டாயமில்லை, ஆனால் கடன் கேட்கும்போது உதவும். ஆதார், பான் இருந்தால் அரசு இணையதளத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம், பணம் கேட்கும் தளங்கள் தனியார் நடத்துபவை, அங்கே போக வேண்டாம். தமிழ்நாட்டில் வகுப்பு மாதிரியான சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அபார்ட்மெண்டில் நடத்துவதானால் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் கேளுங்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தினால் கட்டண வகை மாறக்கூடும், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் விற்கும் பேட்டர்னை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். உருவாக்கியவரிடம் அனுமதி கேளுங்கள், அல்லது ஆளுக்கு ஒரு பிரதி வாங்க வைத்து அந்த விலையைக் கட்டணத்தில் சேருங்கள். ஒன்பது கட்டம் மாதிரியான பொது பிளாக்குகளை நீங்களே வரைந்து, உங்கள் சொல்லிலேயே தமிழில் எழுதித் தருவது எல்லாவற்றையும் விட நல்லது, இப்போது இங்கே பற்றாக்குறையே அதற்குத்தான்.

10. சொல்லித்தரும் விதம்

முதல் வகுப்புக்குத் துணியை நீங்களே பாதி வெட்டி வையுங்கள். எல்லோரும் முதலிலிருந்து வெட்ட ஆரம்பித்தால் காலை முழுக்க வெட்டிலேயே போகும், மெஷினில் உட்காரும்போது பசி வந்துவிடும். மீதிப் பாதியை அவர்கள் வெட்டட்டும், அதுவும் கற்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தைத்த மாதிரி ஒன்று வைத்திருங்கள்: வெட்டிய துண்டு, இரண்டு சேர்த்தது, வரிசை, முழு பிளாக், மூன்று அடுக்கு, பைண்டிங் மூலை. ஒரு பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தால், பின்தங்கியவர் உங்களைக் கூப்பிடாமலே பார்த்துக்கொள்வார்.

மாணவரின் கையிலிருந்து துணியை வாங்கி நீங்கள் தைத்துக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் ஓட வேண்டும். பிரிக்கச் சொல்லும்போது எத்தனை இஞ்ச் தவறியிருக்கிறது என்று ரூலரை வைத்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். கால் இஞ்ச்சுக்கு ஒரு நூலிழை தப்பியது ரன்னரில் வெளியே தெரியாது என்றால் பிரிக்கவே சொல்லாதீர்கள், அதைக் கடந்து போகத் தெரிவதும் பாடம்தான்.

இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் வீட்டில் ஒரு பிளாக் தைத்து எடுத்துவரச் சொல்லுங்கள், எங்கே சிக்கினார்கள் என்பது இரண்டாம் நாள் காலையில் உங்கள் மேசைக்கு வந்துவிடும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தேதி குறிப்பதில் கவனம். தீபாவளிக்கு முந்தைய மாதம் மெஷின் மெக்கானிக்குகள் கைக்குக் கிடைக்கமாட்டார்கள், துணிக்கடையில் நிற்கவும் இடமிருக்காது. ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கி, ஆவணி வாக்கில் வகுப்பு வைத்தால் இரண்டுமே சுலபம். வார நாளில் நடத்துவதாக இருந்தால் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் வரைக்கும் வராது. அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புதான் வரும், அதனால் மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்லி வையுங்கள்.